ஜவளகிரிக்குப் போகாத வேன்

எல்லா விதிமுறைகளும் தெரிந்த ஒருவரைக் கல்யாண வேலையில் சேர்க்கக் கூடாது. அனுபவத்தில் சொல்கிறேன். என் மகள் கல்யாணத்தில் சேர்த்தார்கள். அந்த ஒருவர் நான்தான்.

ஓசூர் தொழிற்பேட்டையில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் தரக்கட்டுப்பாட்டில் இருந்தேன். கடைசிப் பன்னிரண்டு வருடம் ஆவணப் பிரிவுக்கு நானே தலைவர். எந்தத் தாளில் யார் கையெழுத்துப் போட வேண்டும், போட்டபின் யார் அதைத் தொடக் கூடாது, தொட்டே ஆக வேண்டுமென்றால் எந்த நிறப் பேனா, எல்லாம் அத்துப்படி. கழிப்பறையில் சோப்பு தீர்ந்துவிட்டதைத் தெரிவிக்கவும் ஒரு படிவம் வைத்திருந்தேன். (படிவம் நிரம்பி, ஒப்புதலாகி, சோப்பு வருவதற்குள் ஷிப்டு முடிந்துவிடும். கை கழுவாமல் வீட்டுக்குப் போனவர்கள் என்னை என்ன சொல்லி வாழ்த்தியிருப்பார்கள் என்று இப்போதுதான் யோசிக்கிறேன்.)

ஓய்வு பெற்றதும் படிவம் நிரப்ப ஆள் இல்லாமல் போயிற்று. சமையலறைக் கதவில் நான் ஒட்டிவைத்த சரக்கு இருப்புப் பட்டியலை என் மனைவி விமலா கிழித்து, அதில் வடை வைத்து எண்ணெய் வடித்தாள். மனம் நொந்து ஒரு கணினி வகுப்பில் சேர்ந்தேன். மூன்று மாதத்தில் இணையத்தில் படிவம் போடக் கற்றுக்கொண்டேன். யாராவது அதை நிரப்பி அனுப்பினால், மறுமுனையில் சர்வரில் உட்கார்ந்திருக்கும் ஸ்கிரிப்ட் என்ற ஒரு குட்டி நிரல் அதை வாங்கிக் கோப்பில் எழுதிக்கொள்ளும். அந்த ஸ்கிரிப்டையும் நானே எழுதினேன். கையெழுத்தும் வேண்டாம், பேனாவும் வேண்டாம். இப்படி ஒரு சொர்க்கம் இருப்பது தெரியாமல் முப்பத்தொரு வருடம் ஓடிவிட்டதே என்று ஏங்கினேன்.

அந்த நேரத்தில்தான் மகள் நித்யாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை பிரவீனுக்குப் பெங்களூரில் மென்பொருள் வேலை. இணையப் படிவங்கள் ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்று பார்ப்பதுதான் அவருக்குச் சம்பளமே. இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததால்தான் கடைசிவரை அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாப்பிள்ளையிடம் போய்ச் சந்தேகம் கேட்பதா?

இன்னொருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். முனிராஜு. தொழிற்சாலையில் என் கீழே இருபது வருடம் இன்ஸ்பெக்டராக இருந்தவர். குவார்ட்டர்ஸில் பக்கத்து வீடு. நான் காலை ஆறு மணி ஷிப்டுக்குக் கோப்புகளோடு ஓடிய வருடங்களில், நித்யாவைத் தன் மொபெட்டில் பள்ளிக்குக் கொண்டுபோய் விட்டவர் அவர். அவருக்கு மூன்றும் பையன்கள். ஓய்வுக்குப் பின் மனைவி ரத்னம்மாவோடு சொந்த ஊரான ஜவளகிரிக்கே போய்விட்டார். தளியைத் தாண்டி, காட்டை ஒட்டிய ஊர். இரண்டு கறவை மாடும் கொஞ்சம் ராகியும் வைத்திருக்கிறார். (ராகி, யானை மிச்சம் வைத்தால்.)

விமலாவுக்கு உடன்பிறந்த ஆண் கிடையாது. மணமேடையில் பெண்ணின் நெற்றியில் பட்டம் கட்டத் தாய்மாமன் வேண்டும். நிச்சயத்தன்று பெரியவர்கள் ஆளுக்கொரு பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தபோது நித்யா குறுக்கே பேசினாள்.

"முனி மாமாதான் கட்டணும். வேற யாரு வந்தாலும் நான் நெத்தியக் காட்ட மாட்டேன்."

சொந்தத்தில் ஒன்றிரண்டு முகங்கள் சுளித்தன. "அவரு என் தம்பி. அவ்ளோதான்" என்று விமலா பேச்சை முடித்தாள். முனிராஜு துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, "ரொம்ப வேர்க்குதுங்க" என்றார். தை மாதத்து ஓசூர்க் குளிர் அன்று. பட்டத்தைத் தானே செய்து கொண்டுவருவதாகவும் சொன்னார்.

முகூர்த்தம் காலை ஏழரை மணிக்கு, ஓசூரில் ஒரு மண்டபத்தில். விருந்தாளிகள் கிருஷ்ணகிரி, குருபரப்பள்ளி, கெலமங்கலம், தளி என்று நாலா பக்கமும் சிதறிக் கிடந்தார்கள். மூன்று வேன் ஏற்பாடு செய்தோம். எந்த ஊரில் எத்தனை பேர் என்று தெரிய வேண்டும்.

"போன் போட்டுக் கேட்டா ரெண்டு மணி நேர வேல" என்றாள் விமலா.

நான் சிரித்தேன். (அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் எனக்கே என்னை அறைய வேண்டும் போலிருக்கிறது.) அழைப்பிதழோடு எல்லாருக்கும் வாட்ஸப்பில் ஒரு இணைப்பும் ஓர் அறிவிப்பும் போயின: "வாகனம் தேவைப்படுவோர் படிவத்தில் மட்டுமே பதிவு செய்யவும். தொலைபேசி வழிக் கோரிக்கைகள் ஏற்கப்பட மாட்டா."

விமலா படித்துவிட்டு, "கல்யாணத்துக்குக் கூப்பிடறீங்களா, டெண்டர் விடறீங்களா?" என்றாள்.

முதல் இரண்டு நாளில் பதினோரு பதிவுகள் வந்தன. பெயர், ஊர், ஆள் எண்ணிக்கை, ஏறும் இடம், எல்லாம் வரிசையாக. அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. மூன்றாம் நாள் காலை காபி குடிக்கும்போது என் தொழில்முறை மனசாட்சி விழித்துக்கொண்டது. ஒருவர் எல்லாவற்றையும் நிரப்பி, 'சரிபார்த்தேன்' என்று டிக் போட்டபின், மேலே போய் எண்ணிக்கையை மாற்றிவிட்டால்? தொழிற்சாலையில் ஒருமுறை, கையெழுத்தான தாளில் ஒருவர் எண்ணை மாற்றி எழுதி, ஒரு லாரி சரக்கு திரும்பி வந்தது. அப்படி ஒரு அக்கிரமம் என் மகள் கல்யாணத்தில் நடக்கலாமா?

ஆகவே படிவத்தில் ஒரு திருத்தம் செய்தேன். 'மேற்கண்ட விவரங்களைச் சரிபார்த்தேன்' என்ற பெட்டியில் டிக் போட்ட மறுகணம், மேலே உள்ள கட்டங்கள் எல்லாம் சாம்பல் நிறமாகிப் பூட்டிக்கொள்ளும். பிரம்மாவே வந்தாலும் மாற்ற முடியாது. அந்த நிறம் மாறும் அழகை நாலைந்து முறை டிக் போட்டுப் போட்டு ரசித்தேன். ஒருமுறைகூட அனுப்பிப் பார்க்கவில்லை. சின்ன மாற்றம் செய்தாலும் முழுச் சோதனை செய்ய வேண்டும் என்பது நானே எழுதிய விதி. இருந்தாலும் என் மாற்றப் பதிவேட்டில், 'சிறு மாற்றம். மறுசோதனை தேவையில்லை' என்று எழுதினேன். தயாரித்தவர் நான், சரிபார்த்தவர் நான், ஒப்புதல் அளித்தவரும் நான்.

மறுநாளிலிருந்து வெற்று வரிகள் வர ஆரம்பித்தன.

பெயர் இல்லை. ஊர் இல்லை. ஆள் இல்லை. நேரம் மட்டும் இருக்கும், வரியின் கடைசியில் 'சரிபார்த்தேன்: ஆம்' என்று இருக்கும். ஒன்றன்கீழ் ஒன்றாக நாற்பது வரி. ஒன்றுமே எழுதாமல் அதைச் சரிபார்த்தும்விட்ட நாற்பது பேர்! முதலில் நான் சந்தேகப்பட்டது மக்களை. 'படிவத்தைக் கவனமாக நிரப்பவும்' என்று கொஞ்சம் காரமாக ஒரு அறிவிப்பு அனுப்பினேன். பாவம், அத்தனை பேரும் மறுபடி நிரப்பினார்கள். எண்பது வரி ஆயிற்று.

பிறகு நானே நிரப்பி அனுப்பிப் பார்த்தேன். வெற்று வரி. அனுப்பிய எனக்கோ, 'தங்கள் விவரம் பெறப்பட்டது. நன்றி' என்று திரையில் பணிவான பதில் வந்தது. என்ன வந்தாலும் வராவிட்டாலும் நன்றி சொல்லும்படி அந்த ஸ்கிரிப்டுக்கு மரியாதை சொல்லிக் கொடுத்திருந்தேன்.

அதற்கப்புறம் ஒரு வாரம் நான் சாப்பாட்டு மேசையை ஆய்வுக்கூடமாக்கினேன். அனுப்பும் முறையும் வாங்கும் முறையும் ஒன்றா? ஒன்று. படிவத்தில் கட்டத்துக்கு வைத்த பெயரும் ஸ்கிரிப்ட் தேடும் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகின்றனவா? போகின்றன. முகவரி சரியா? சரி. சர்வர் வாடகைக்குக் கொடுத்த நிறுவனத்துக்கு இணைப்புகள் சகிதம் ஒன்பது பக்கப் புகார் அனுப்பினேன். தங்கள் பக்கம் குறை இல்லை என்று அவர்கள் இரண்டு வரியில் எழுதினார்கள். அந்த இரண்டு வரியின் மேல் நான் நான்கு பக்கம் விளக்கம் கேட்டேன். பெரிய சார்ட் தாளில் மீன் எலும்பு மாதிரி படம் வரைந்து, ஒவ்வொரு முள்ளிலும் ஒரு காரணம் எழுதிச் சுவரில் மாட்டினேன். தொழிற்சாலையில் சரக்கு குறைந்தால் முதலில் வாங்கும் ஸ்டோரைத்தான் பிடிப்போம், பழக்க தோஷம். என் மீனுக்கு முள் முழுக்க வாங்கும் பக்கத்தில்தான் முளைத்தது.

"மீன் நல்லாருக்கு" என்றாள் விமலா. "என் சொந்தக்காரங்களுக்கு நானே போன் போட்டு ஒரு நோட்டுல எழுதிட்டேன். உங்க கம்பெனி ஆளுங்கள நீங்க பாத்துக்கங்க."

இந்தச் சமயத்தில்தான், கல்யாணத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது, முனிராஜு கூப்பிட்டார்.

"சார், முனிராஜு பேசறேன். அந்த வேன் விசயமா…"

"படிவத்துல போட்டீங்களா?"

"மூணு தடவ போட்டேன் சார். மூணு தடவையும் நன்றின்னு வந்துச்சு. எங்க மூணு வண்டி வந்து நின்னுருமோன்னு பயமாருக்குது."

நான் சிரிக்கவில்லை. சுவரில் இருந்த மீனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "நன்றி வந்துச்சுன்னா பதிவாயிருச்சுன்னு அர்த்தம்" என்றேன். (அது பொய். நன்றி எல்லாருக்கும்தான் போய்க்கொண்டிருந்தது. சர்வர் சரியானதும் அத்தனை பதிவும் எங்கிருந்தாவது வந்து விழும் என்று நான் நம்பியதும் உண்மை.)

"இல்ல சார், வாயாலயும் ஒருக்கா சொல்லிரலாமுன்னு. நானும் ரத்னாவும், ரெண்டே பேரு. முந்தின நாளே வரலாம்னா மாட்ட விட்டுட்டு வர முடியல. வெள்ளன கறந்து ஊத்திட்டு அஞ்சு மணிக்கு ஊர் முக்குல நிப்போம்."

"முனிராஜு, வாய்வழிக் கோரிக்கை எடுத்துக்கறதில்ல. உங்களுக்குத் தெரியாததா?"

"தெரியும் சார். நீங்க போட்ட சட்டந்தானே."

"அப்ப வண்டி வரும். வைங்க."

வைத்துவிட்டார். என் கையில் பென்சில் இருந்தது. எதிரே தாள் இருந்தது. 'ஜவளகிரி, 2' என்று எழுத எத்தனை நொடி ஆகும்? நான் எழுதவில்லை. மீனுக்கு இன்னொரு முள் வரைந்தேன்.

கல்யாணத்துக்கு முந்தைய நாள் மதியம் ஓட்டுநர்களுக்கான சீட்டைத் தயாரித்தேன். ஒழுங்காக வந்திருந்த பதினோரு பதிவுகள் (கம்பெனி ஆட்கள் அநேகமாக அதிலேயே இருந்தார்கள்), அதோடு விமலாவின் நோட்டு. முனிராஜு என் கணக்கில் இருக்கிறார் என்று விமலா நினைத்தாள். அவர் சர்வரின் கணக்கில் இருக்கிறார் என்று, யோசித்திருந்தால், நான் நினைத்திருப்பேன். யோசிக்கவே இல்லை. தளி வண்டி ஓட்டுநர் சீட்டைப் புரட்டிப் பார்த்து, "தளிக்கு அந்தாண்ட யாராச்சும் இருக்காங்களா சார்? இருந்தா இப்பவே சொல்லுங்க, காட்டு ரோடு, சீக்கிரம் கெளம்பணும்" என்று கேட்டார்.

"சீட்டுல இருக்கறது மட்டும்" என்றேன்.

மறுநாள் காலை மூன்று வேனும் நேரம் தவறாமல் வந்து நின்றன. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துத் தலையசைத்துக்கொண்டேன். மேடையில் ஐயர், "தாய்மாமா எங்கே? பட்டம் கட்டணும், நேரமாறது" என்றார். நித்யா கூட்டத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அப்பா, முனி மாமா எங்க?"

"வண்டியில வந்துட்டிருக்காரு" என்றேன். சொல்லும்போதே தளி வேன் வாசலில் காலியாக நிற்பது ஜன்னல் வழியே தெரிந்தது. தூணுக்குப் பின்னால் போய் முனிராஜுவுக்குப் போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு அப்பால் இருக்கிறார் என்று ஒரு பெண் குரல் மூன்று முறை சொன்னது.

ஐயர் மறுபடி கூப்பிட்டார். விமலாவின் பெரியம்மா மகன் சேகர் சேலத்திலிருந்து வந்திருந்தார். அவரைப் பந்தியிலிருந்து பாதிப் பொங்கலில் எழுப்பிக்கொண்டு வந்தார்கள். பட்டம் முனிராஜுவிடம் இருந்தது. அதனால் மல்லிகைச் சரத்தில் ஒரு துண்டை நறுக்கி, அதை நெற்றியில் கட்டினார் சேகர். அவர் சட்டைக் கையில் சாம்பார் இருந்தது. வேறு யார் வந்தாலும் நெற்றியைக் காட்ட மாட்டேன் என்ற பெண், குனிந்து காட்டினாள். அதற்குப் பிறகு தாலி கட்டி முடியும்வரை என் பக்கம் திரும்பவில்லை.

பதினோரு மணிக்கு மண்டப வாசலில் முட்டைக்கோஸ் ஏற்றிய ஒரு பிக்கப் வண்டி வந்து நின்றது. முன் இருக்கையிலிருந்து ரத்னம்மா இறங்கினார். மாம்பழ நிறப் பட்டுப்புடவை, தலையில் கனகாம்பரம். முனிராஜு பின்னால் மூட்டைகளின் மேல் உட்கார்ந்து வந்திருந்தார். வெள்ளை வேட்டி முழுக்கச் செம்மண். கையில் ஒரு எவர்சில்வர் டப்பாவை மட்டும் சுத்தமாகப் பிடித்திருந்தார்.

ஐந்து மணியிலிருந்து ஊர் முக்கில் நின்றிருக்கிறார்கள். ஆறு மணிக்கு முதல் பஸ் வந்திருக்கிறது. ஏறிவிடலாம் என்று ரத்னம்மா சொல்லியிருக்கிறார். முனிராஜு மறுத்துவிட்டாராம். "சார் வண்டி வரும்னாரு. வந்து நம்மளக் காணோம்னா அவங்க தேடி அலைவாங்க" என்று சொல்லி அந்த பஸ்ஸை அனுப்பிவிட்டிருக்கிறார். ரத்னம்மா இதை யாரிடமும் புகாராகச் சொல்லவில்லை. கைகழுவும் இடத்தில், முகம் கழுவிக்கொண்டே, விமலாவிடம் செய்தியாகச் சொன்னார்.

நித்யா அதற்குள் புடவை மாற்றியிருந்தாள். ஓடி வந்து பந்திக் கூடத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"கட்டுங்க மாமா."

"முகூர்த்தம் போயிருச்சே கண்ணு."

"எனக்குப் போகல. கட்டுங்க."

டப்பாவுக்குள் பஞ்சு, பஞ்சுக்குள் பட்டம். மயிரிழை பிசகினாலும் விரலால் தடவியே கண்டுபிடிக்கிற கை அவருடையது. அன்று ஒரு முடிச்சுப் போட மூன்று முறை தவறியது. போட்டோக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், அந்தப் பட்டம் எந்த ஆல்பத்திலும் இல்லை.

அப்புறம் முனிராஜு தன் போனை எடுத்து மாப்பிள்ளையிடம் காட்டினார். "மூணு தடவ போட்டேன் மாப்ள. பாருங்க, நன்றின்னு வந்திருக்குது. படம் புடிச்சு வெச்சிருக்கறேன்."

கழுத்தில் மாலையோடு பிரவீன் அந்தப் படிவத்தைத் திறந்து நிரப்பினார். டிக் போட்டார். ஒரு நிமிடம் ஆகியிருக்காது.

"மாமா, டிக் பண்ணா மேல எல்லாம் பூட்டிக்குதே?"

"ஆமா. அது நான் வெச்சதுதான்" என்றேன். (அந்த நிலையிலும் குரலில் லேசாகப் பெருமை இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.)

"பூட்டின கட்டத்த பிரவுசர் அனுப்பாது மாமா. உபயோகத்துல இல்லன்னு விட்டுட்டு, டிக்க மட்டும் அனுப்பிரும்." பிறகு, நல்ல பிள்ளை, "எல்லாருக்கும் நடக்கறதுதான்" என்று சேர்த்துக்கொண்டார்.

முதலில் சிரித்தது முனிராஜுதான். "சார் கையெழுத்துப் போட்டுட்டா சரக்கு வாசல் கேட்டத் தாண்டாதுன்னு கம்பெனியிலயே சொல்லுவோம்!" என்றார். கூடமே சிரித்தது. நித்யாகூடச் சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன்.

விமலாவுக்கு மட்டும் ஆறவில்லை. "படிவம் கெடக்குது. முன்னாடியே ஒரு போன் போட்டுச் சொல்லியிருக்கலாமில்ல தம்பி? நான் ஒருத்தி இல்லையா?"

முனிராஜு என்னைப் பார்த்தார். நான் பந்தி இலையைப் பார்த்தேன்.

"எங்கூர்ல டவரு எங்கக்கா கெடைக்குது" என்றார்.

இது நடந்து சில வருடங்கள் ஆகின்றன. எங்கள் வீட்டில் எது திறக்க மறுத்தாலும், ஊறுகாய் பாட்டில் மூடியானாலும் குளியலறைக் கதவானாலும், "அப்பா டிக் போட்டுட்டாரு" என்கிறார்கள். பேரன் பேச ஆரம்பித்தபின் அவனும் சொல்கிறான். விசேஷம் எதுவானாலும் சாப்பாட்டுக்குப் பின் யாராவது முனிராஜுவை அந்தக் கதையைச் சொல்லச் சொல்வார்கள். அவர் முட்டைக்கோஸ் மூட்டை மேல் வேட்டியைப் பிடித்துக்கொண்டு வந்ததை நடித்துக் காட்டுவார். நான் படிவத்தைப் பூட்டியதை, மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, என் குரலிலேயே செய்வார். அச்சாக இருக்கும். தான் எனக்குப் போன் செய்த பகுதி அவர் கதையில் ஒருமுறைகூட வந்ததில்லை. விமலா அதை இந்தக் கட்டுரையில்தான் படிக்கப் போகிறாள்.

அவர் அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் எல்லாரும் சிரிக்கிறோம். ரத்னம்மா மட்டும் எழுந்து காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுகிறார். காது சரியாகக் கேட்காததால் சிரிப்பதில்லை என்று வெகுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். போன மாதம் முனிராஜுவிடம், அன்று போன் பேசியபோது ரத்னம்மா பக்கத்தில் இருந்தாரா என்று மெதுவாகக் கேட்டேன்.

"இருந்தா சார்" என்றார். "நான் பால் கறந்திட்டிருந்தேன். போன அவதான் புடிச்சிட்டிருந்தா, ஸ்பீக்கர்ல."